பலா மரத்துக்குப் பின்னால் நின்ற ஆள்

1

ஜூலையில் பாடசாலை மூடுவதற்கு முதல் நாள் என் மகள் நிவே ஒரு கடதாசியைக் கொண்டுவந்து குளிர்ப்பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டினாள். கோடை விடுமுறையில் பிள்ளைகளை வெளியில் விளையாட ஊக்கப்படுத்துங்கள் என்று தலைமை ஆசிரியை பெற்றோருக்கு எழுதிய கடிதம். கீழே விடுமுறையின் ஆறு கிழமைக்கும் நாளுக்கொன்றாகக் கட்டம் போட்டிருந்தார்கள். பிள்ளை ஒவ்வொரு நாளும் எத்தனை மணி நேரம் வெளியில் நின்றது என்று நிரப்பி, பெற்றோர் ஒப்பமிட வேண்டுமாம்.

வாசித்ததும் சிரிப்பு வந்தது. நான் கண்டியில் வளர்ந்தவன். பத்து வயதில் எங்களை வெளியில் அனுப்ப யாரும் தேவைப்படவில்லை, உள்ளே கொண்டுவரத்தான் ஆள் தேவைப்பட்டது. பின்னேரம் ஆறு மணியானால் அம்மா கொய்யாக் கம்போடு வீட்டுக்கு முன்னால் உள்ள ஒழுங்கையில் இறங்குவார். அக்காவுக்கு ஒன்று, எனக்கு இரண்டு. அந்தக் கணக்குக்கு யாரும் ஒப்பம் கேட்கவில்லை.

சிரித்து முடிந்த பிறகுதான் அந்தக் கட்டங்கள் என்னைப் பார்த்தன. உள்ளதை எழுதினால் எல்லாக் கட்டத்திலும் பூச்சியம்தான் வரும். நிவே வெளியில் போகாததற்கு அந்தப் பாழாய்ப்போன டேப்லெட்தான் காரணம் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் புலம்பிக்கொண்டு திரிந்தேன். பொய். காரணம் நான்தான்.

லண்டனிலிருந்து முக்கால் மணி நேரத் தூரத்தில் உள்ள ஓர் ஊரில் பார்சல் வான் ஓட்டுகிறேன். நாளொன்றுக்கு நூறுக்கு மேல் கதவுகள். அரைவாசிக் கதவுகளில் மணியோடு சேர்த்துக் கமரா பூட்டியிருக்கிறார்கள். நான் பொத்தானை அமுக்கும் முன்பே அது என்னைப் பார்த்துவிடும். வைத்துவிட்டுத் தள்ளி நில் என்று சுவருக்குள்ளிருந்து ஒரு குரல் வரும். பல வருடங்களாக மற்றவர்களின் சந்தேகத்தைத் தின்று சீவிக்கிறவன் நான். அது எனக்குள்ளும் ஊறிவிட்டது. சம்பளமில்லாத ஓவர்டைம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

போன கோடையில் ஒரு சனிக்கிழமை நிவேயைப் பூங்காவுக்குக் கூட்டிப்போய் ஓரத்து மர வாங்கில் உட்கார்ந்திருந்தேன். ஒரு பெண் வந்து, மிக இனிமையாக, இதில் உங்கள் பிள்ளை எது என்று கேட்டாள். தூரத்து ஊஞ்சலில் இருந்த நிவேயைக் காட்டினேன். நிவே திரும்பிப் பார்க்கவில்லை. அவள் ஓடிவந்து அப்பா என்று கூப்பிட்டுத் தண்ணீர் வாங்கிக் குடிக்கும் வரை அந்தப் பெண் என் பக்கத்தை விட்டு அசையவில்லை. அதற்குப் பிறகு நாங்கள் பூங்காவுக்குப் போகவில்லை. மழை வரப்போகிறது என்றேன், முதுகு வலி என்றேன். நிவேயும் கேட்பதை நிறுத்திவிட்டாள்.

என் மனைவி யாழினி யாழ்ப்பாணத்துக்காரி. கடதாசியைப் பார்த்துவிட்டு, பிள்ளையை ஒரு மாதத்துக்குக் கண்டிக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ, அங்கேயாவது மண்ணில் கால் வைக்கட்டும் என்றாள். அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. ஆக நானும் நிவேயும் மட்டும். தாயிடம் பழகிய தமிழில் நிவே எனக்கொரு நிபந்தனை போட்டாள்.

"நான் தனியத்தான் விளையாடப் போவன். நீங்கள் பின்னால வரக்கூடாது. ப்ராமிஸ்?"

கையில் அடித்துச் சத்தியம் செய்து கொடுத்தேன்.

2

விமான நிலையப் படிவத்தில் பிறந்த இடம் கண்டி என்று எழுதினேன். வந்த நோக்கம் என்ற இடத்தில் சுற்றுலா என்று எழுதினேன். உத்தியோகத்தர் இரண்டையும் வாசித்தார், பிறகு என் முகத்தை வாசித்தார். பிள்ளையின் தாய் வரவில்லையா என்று சிங்களத்தில் கேட்டார். நான் உடனே பையைத் திறந்து, யாழினி ஒப்பமிட்டுத் தந்த அனுமதிக் கடிதம், பிறப்புச் சான்றிதழ், கலியாணச் சான்றிதழ் என்று ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினேன். மனிதர் சும்மா பேச்சுக்குக் கேட்டிருக்கிறார். ஒன்றையும் தொடவில்லை, முத்திரை குத்தி அனுப்பிவிட்டார். எனக்குத்தான் வேர்த்து ஊற்றியது.

என் அக்கா சரசு அம்பிட்டியப் பக்கம் மலையேறும் ஒரு ஒழுங்கையில் இருக்கிறாள். பாடசாலைச் சீருடை தைப்பது அவள் தொழில். போய் இறங்கிய அன்றே என் உடம்பை அளந்து, மிஞ்சிய நீலக் கட்டம் போட்ட துணியில் எனக்கொரு சட்டை தைத்தாள். தோளுக்குத் துணி போதவில்லை. வேறு கட்டத் துணியை வைத்து ஒட்டுப் போட்டுவிட்டாள். வெளிநாட்டில் தின்று தின்று அகலமாகிவிட்டாய், நான் என்ன செய்ய என்றாள்.

பக்கத்து வீட்டில் ரிஸானா. அக்குறணையில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டவர். முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி என்னை நானா என்றுதான் கூப்பிடுவார். அவருடைய இளைய மகள் இல்மாவுக்கு நிவேயின் வயது. எதிர்வீட்டில் சந்துன் என்று ஒரு சிங்களப் பையன். முதல் நாளே, ஆமாம் என்பதற்கு நிவே சொன்ன "ஓம்"ஐக் கேட்டு இல்மா விழுந்து விழுந்து சிரித்தாளாம். இரண்டாம் நாள் மூன்று மொழியிலும் சண்டை பிடித்தார்கள். மூன்றாம் நாள் விடிந்ததும் வாசலில் வந்து நின்று ஒருவரையொருவர் கூப்பிட்டார்கள்.

ஒழுங்கை முடிகிற இடத்தில், யாரோ வீடு கட்ட மண்ணை வெட்டிச் சமப்படுத்திவிட்டுக் கைவிட்ட காணி ஒன்று உண்டு. அதற்குக் கீழே புல்சரிவு. கமுகு மட்டையில் குந்திக்கொண்டு, காம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மேலிருந்து கீழ்வரை சறுக்குவதுதான் விளையாட்டு. பிரேக் கிடையாது. கீழே முட்டுப்பட்டால் நின்றதாக அர்த்தம். நிவே முதல் நாள் முழங்கால் இரண்டையும் தேய்த்துக்கொண்டு, கணுக்காலில் ஒரு அட்டையோடு வந்தாள். பரிசு வாங்கியவள் மாதிரி அதைக் காட்டினாள். அக்கா உப்பைப் போட்டு அட்டையை விழுத்தினாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தச் சிரிப்பை நான் அந்த இங்கிலாந்து வீட்டுக்குள் எத்தனை மாதமாகப் பூட்டி வைத்திருந்தேன் என்று என்மேலேயே கோபம் வந்தது.

3

அந்த நல்ல புத்தி நாலு நாள்தான் நின்றது.

ஐந்தாம் நாள் பின்னேரம் யாழினி போனில் வந்தாள். பிள்ளை எங்கே என்றாள். விளையாடப் போயிருக்கிறாள் என்றேன். யாரோடு என்றாள். சொன்னேன். அங்கே பெரியாட்கள் யார் நிற்கிறார்கள் என்றாள். பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். போனை வைத்த பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. வேலைக்குப் போடும் பச்சைத் தொப்பியைப் பையிலிருந்து எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, ஒழுங்கை வழியாகப் போகாமல் வீட்டின் பின்வளவு வழியாக ஏறினேன். காணியின் ஓரத்தில் ஒரு தடித்த பலா மரம் நின்றது. அதற்குப் பின்னால் நின்றுகொண்டேன். சத்தியத்தை மீறவில்லை, பின்னால் வரக்கூடாது என்றுதானே சொன்னாள், நான் பக்கவாட்டில்தானே நிற்கிறேன் என்று எனக்கு நானே நியாயம் சொன்னேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் அடுத்த நாளும் போனேன். அதற்கடுத்த நாளும் போனேன்.

பார்க்கத் தொடங்கினால் எல்லாமே சந்தேகமாகத்தான் தெரிகிறது. நிழலில் ஆட்டோவை நிறுத்திவிட்டுப் போனை நோண்டுகிற சாரதி, வீட்டுக்குப் போகாமல் இங்கே ஏன் நிறுத்துகிறான்? பாட்டுப் போட்டுக்கொண்டு பாணும் பணிஸும் விற்க வருகிற வண்டிக்காரன் பிள்ளைகளைக் கண்டதும் ஏன் மெதுவாகப் போகிறான்? வண்டி இலக்கங்களைப் போனில் குறித்து வைத்தேன். அவர்கள் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று வீடியோவும் எடுத்தேன்.

எல்லாரையும்விட என் கண்ணில் உறுத்தியவர் பியசேன. அறுபது வயதிருக்கும். பசு வளர்ப்பவர். பின்னேரங்களில் சாக்கோடு வந்து சரிவில் புல் வெட்டுவார். பிள்ளைகள் கமுகு மட்டையைக் கொண்டு ஓடினால் கத்தியால் ஓரங்களைச் சீவி, கையில் குத்தாமல் செய்து கொடுப்பார். நிவேயிடம் ஏதோ சொல்லிச் சிரிப்பார். ஒரு வளர்ந்த மனிதனுக்குப் பிள்ளைகளோடு என்ன சிரிப்பு? இதைத்தான் அந்த மரத்துக்குப் பின்னால் நின்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

இந்தப் புத்தி முழுவதையும் இங்கிலாந்தின் தலையில் கட்ட முடியாது. அப்பா கண்டியில் ஒரு புடவைக் கடையில் வேலை செய்தார். யுத்தம் நடந்த காலம். ரோட்டில் தமிழில் சத்தம் போட்டுப் பேசாதே, ஊர் பேர் கேட்டால் சிரித்துக்கொண்டே சொல், கேட்டதற்கு மேல் ஒரு சொல்லும் சொல்லாதே என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார். அப்போதும் எங்களை யாரோ பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் அப்பா ஒரு நாளும் என் பின்னால் வந்து ஒளிந்து நிற்கவில்லை. நேரம் இல்லாததாலா, தைரியம் இருந்ததாலா என்று கேட்காமலே இருந்துவிட்டேன். இப்போது கேட்க அவர் இல்லை.

4

நான் மரத்துக்குப் பின்னால் நின்ற ஐந்தாவது நாளுக்கு அடுத்த நாள், நிவே வயிறு வலிக்கிறது என்று படுத்துவிட்டாள். அக்கா ஓமத்தண்ணீர் கொடுத்தாள். அரை மணி நேரத்தில் கையில் டேப்லெட். அன்று பின்னேரம் விளையாடப் போய்வா என்றும் சொல்லிப் பார்த்தேன். மாட்டன் என்றாள். மறுநாளும் வலி, அதே கட்டில். எனக்கு ஆத்திரம் வந்தது. இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்று கத்திவிட்டேன். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அன்று இரவு சமைத்துக்கொண்டிருந்த அக்கா என்னைக் குசினிக்குள் கூப்பிட்டாள்.

"செல்வா, புள்ள படுத்திருக்கிறதும் நல்லதுதான்டா. மேல காணிப் பக்கம் எவனோ ஒருத்தன் ஒளிஞ்சி நின்னு புள்ளைங்கள பாக்குறானாம். போன்ல படமும் எடுக்குறானாம். ரிஸானா சொன்னா. எல்லாரும் புள்ளைங்கள உள்ள போட்டுப் பூட்டிட்டாங்க."

வாசிக்கிற உங்களுக்கு இப்போதே விளங்கியிருக்கும். எனக்கு விளங்கவில்லை, கடவுள் அறிய விளங்கவில்லை. நான் தகப்பன். பிள்ளையைக் காக்கப் போய் நின்றவன். ஒளிந்து நிற்கிறவன் என்றால் அது வேறு ஒருவன்தானே. நான் சந்தேகப்பட்டது சரிதான் என்றுதான் எனக்குத் தோன்றியது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. நிவேயின் வயிற்று வலிக்கும் காரணம் பிடிபட்டுவிட்டது என்று நினைத்தேன். அவள் அவனைக் கண்டு பயந்திருக்கிறாள். கட்டிலில் போய் இருந்து, யாராவது ஒன்ன பயமுறுத்துனாங்களாம்மா என்று கேட்டேன். என்னை நெடுநேரம் பார்த்துவிட்டு இல்லை என்றாள்.

காலையில் போனை எடுத்துக்கொண்டு ரிஸானா வீட்டுக்குப் போனேன். குறித்து வைத்த இலக்கங்களை எல்லாம் காட்டினேன். யாராக இருக்கும் என்று அவர் கேட்டார். நான் பியசேனவின் பெயரைச் சொன்னேன். சந்தேகமாக இருக்கிறது என்றுதான் சொன்னேன், அவர்தான் என்று சொல்லவில்லை. ஆனால் நான் சொன்னது அடுத்த வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் சந்தேகம் உதிர்ந்துவிட்டது, பெயர் மட்டும் மிஞ்சியது. பின்னேரம் ஒழுங்கையில் இருந்த இரண்டு ஆண்கள் அவரை வழிமறித்து, இனிமேல் இந்தப் பக்கம் புல்லுக்கு வரவேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். அவர் கத்தியைச் சாக்குக்குள் வைத்துக்கொண்டு இறங்கிப் போனார் என்று அக்கா வந்து சொன்னாள். இருபது வருடமாக அந்தப் புல்லை வெட்டுகிற மனுசன் என்று முணுமுணுத்துக்கொண்டு தையல் மெசினில் போய் இருந்தாள். நான் காதில் வாங்காத மாதிரி இருந்தேன்.

5

இங்கிலாந்துக்குத் திரும்ப இன்னும் ஆறு நாள் இருந்தது. காலை பத்து மணி போல ரிஸானா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கூப்பிட்டார். முகத்தில் ஒரு வெற்றி.

"நானா, ஆள் சிக்கிட்டான். மூத்த மகள் மேல் ஜன்னலால போட்டோ எடுத்து வெச்சீக்கா, பயத்துல இவ்வளவு நாளா காட்டல்ல. பொலிசுக்குக் குடுக்கப் போறம். நீங்களும் வாங்க, நாலு விசயம் தெரிஞ்ச ஆள்."

போனை வாங்கிப் பார்த்தேன். பலா மரம். அதற்குப் பின்னால் ஒருவன், முதுகைக் கூனிக்கொண்டு, கையில் போனை உயர்த்திப் பிடித்தபடி பிள்ளைகள் பக்கம் எட்டிப் பார்க்கிறான். பச்சைத் தொப்பி. உண்மையைச் சொன்னால் முதலில் எனக்கும் பயமாகத்தான் இருந்தது. அந்தக் கூனல் நல்ல மனிதனின் கூனலாகத் தெரியவில்லை. என் பிள்ளையை இப்படி ஒருவன் பார்த்தானா என்று பல்லைக் கடித்துக்கொண்டு படத்தைப் பெரிதாக்கினேன். நீலக் கட்டம் போட்ட சட்டை. தோளில் வேறு கட்டத் துணியில் ஒரு ஒட்டு.

என் முதுகை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

ஆள தெரியுமா நானா என்று ரிஸானா கேட்டார். தெரியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். உங்களிடம் ஏன் மறைக்க வேண்டும்? ஆறு நாள் கடத்தினால் விமானம் ஏறிவிடலாம். படத்தில் முகம் இல்லை. ஊர் ஏற்கெனவே பியசேனவை முடிவு செய்துவிட்டது, பொலிஸும் அவரைத்தான் கூப்பிடும். தலையை நிமிர்த்தினேன். மேல் ஜன்னல் கம்பியில் நாடியை வைத்துக்கொண்டு இல்மா எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆகஸ்ட் மாதம், நல்ல வெயில், நல்ல காற்று. ஒழுங்கையில் ஒரு பிள்ளை இல்லை. சந்துனை நாள் முழுக்க டியூசனுக்கு அனுப்பிவிட்டார்களாம். என் பிள்ளையை வெளியில் விட வந்தவன் நான். ஒரு ஒழுங்கையின் பிள்ளைகள் அத்தனை பேரையும் உள்ளே போட்டுப் பூட்டிவிட்டேன்.

"அது நான்தாங்க," என்றேன்.

ரிஸானா சிரித்தார். பகிடி விடுகிறேன் என்று நினைத்துவிட்டார். நான் வீட்டுக்குள் போய்த் தொப்பியையும் சட்டையையும் கொண்டுவந்து வேலிமேல் போட்டேன். அவர் சட்டையைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இவ்வளவு நேரமும் வேலியோரம் நின்று என்னோடு கதைத்த அந்தப் பெண் ஓர் அடி பின்னால் நகர்ந்தார். அந்த ஓர் அடியை நான் என்றைக்கும் மறக்கப் போவதில்லை. என் மகளைப் பார்க்கத்தான் நின்றேன், பயத்தில் நின்றேன், பியசேனவுக்கு இதில் ஒன்றுமில்லை, எல்லாம் என் பிழை என்று கொட்டித் தீர்த்தேன். அவர் படத்தை இன்னொரு தடவை பார்த்தார். பிறகு கேட்டது கோபமாக இல்லை, குழப்பமாக இருந்தது.

"அப்ப நிவே ஏன் அப்பிடிச் சென்னா? இல்மா வந்து சென்ன அண்டைக்கே நான் நிவேயக் கூப்பிட்டுக் கேட்டனே நானா, அந்த ஆளத் தெரியுமா மகள்ண்டு. தெரியாதுண்டு சென்னாளே."

6

நிவே கட்டிலில் இருந்தாள். டேப்லெட் மடியில் கிடந்தது, திரை அணைந்திருந்தது. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். என்ன கேட்கப்போகிறேன் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"முதல் நாளே கண்டனான் அப்பா. தொப்பி தெரிஞ்சது."

"அப்ப ரிஸானா ஆன்ட்டிகிட்ட ஏன்மா தெரியாதுன்னு சொன்ன?"

"சொன்னா உங்களைப் பொலிஸ் பிடிச்சிடும் எண்டு நினைச்சன்."

"அதுக்காகவா விளையாடப் போகாம இருந்த?"

"நான் போகாட்டி நீங்களும் வரமாட்டீங்கள்தானே."

வயிற்று வலி, ஓமத்தண்ணீர், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தது, நான் கத்தியது எல்லாவற்றுக்கும் அர்த்தம் இப்போதுதான் விளங்கியது. பத்து வயதுப் பிள்ளை, அவ்வளவு ஆசையாக வந்தவள், என்னைக் காப்பாற்றுவதற்காகத் தன்னை உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். நான் அவளைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவள் அழவில்லை. என் முதுகைத் தட்டினாள்.

அன்றைக்கே வீடு வீடாகப் போனேன். சிலர் சிரித்தார்கள், சிலர் கதவைப் பாதிதான் திறந்தார்கள். கடைசியாகக் கீழே பியசேனவின் வீட்டுக்கு இறங்கி, துருப்பிடித்த என் சிங்களத்தில் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் பசுவுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டே கேட்டார். உள்ளே வா என்று கூப்பிடவில்லை, திட்டவும் இல்லை. மறுநாள் சாக்கோடு புல்லுக்கு வந்தார். பிள்ளைகள் மட்டையைக் கொண்டு அவரிடம் ஓடியபோது கத்தியை எடுக்கவில்லை, போங்கள் என்று கையால் காட்டிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாராம். சந்துன் வந்து சொன்னான். அந்தப் பாவத்தை நான் சுமந்துகொண்டுதான் விமானம் ஏற வேண்டும்.

நான் வீடு வீடாகப் போய் வந்த அந்த முதல் நாள் பின்னேரமே இல்மா வாசலில் வந்து நின்று நிவேயைக் கூப்பிட்டாள். நிவே செருப்பைப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் வீட்டிலேயே இருப்பேன் என்றேன். சத்தியம் எதுவும் செய்யவில்லை, அவளும் கேட்கவில்லை. கேட் வரை போனாள், திரும்பி வந்தாள், எட்டிப் பார்த்தாள். நான் முன்னறையில் கதிரையில் இருந்தேன். ஒழுங்கையின் வளைவு வரை போயிருப்பாள், மறுபடியும் ஓடிவந்து ஜன்னலால் பார்த்தாள். பத்து நிமிடம் கழித்து மூச்சிரைக்க மூன்றாம் முறை வந்து, பின்வளவுப் பக்கமும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, மறுபடி முன்னால் வந்து நான் இருக்கிறேனா என்று பார்த்துவிட்டுப் போனாள். என்னை ஒருவர் இப்படிச் சந்தேகப்பட்டு, அது நியாயம்தான் என்று நான் ஒப்புக்கொண்டது அதுதான் முதல் தடவை.

நான்காம் முறை அவள் வரவில்லை. ஐந்து மணியானது, ஐந்தரையானது. மேலே காணிப் பக்கமிருந்து சத்தம் கேட்டது, அது சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. என் கால் இரண்டும் எழும்பு எழும்பு என்றன. நான் கதிரையின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.